ஆட்டுத்தோல் குழாயும் எரியோட்டுப் பயணமும்

பினாங்கில் கப்பல் ஏறியதிலிருந்தே எனக்கு ஒரே பயம்தான். நான் போய்ச் சேர்வதற்குள் தங்கைக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாது. பொன்னுத்தாய்க்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்டன. இது மூன்றாவது. எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அவளுக்குப் பிறந்த வீடு என்றால், ஈப்போவில் ரப்பர்த் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் நான் ஒருவன்தான். மலாயா சுதந்திரம் வாங்கிய மறு வருஷம் அது. துரையிடம் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கினேன்.

கப்பலில் பட்ட பாட்டை எழுதினால் அதுவே ஒரு புத்தகமாகும், விட்டுவிடுகிறேன். திண்டுக்கல் ஸ்டேஷனில் இறங்கியபோது கார்த்திகை மழை பிடித்திருந்தது. ஈப்போவில் மழை என்றால் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு வெயிலடிக்கும். இங்கே நாள் முழுக்க நசநசவென்று பெய்தது. கூடவே உடம்பைத் துளைக்கிற காற்று. மாப்பிள்ளை வேலுச்சாமி குடையோடு நின்றிருந்தார். அவர் வாயைத் திறக்கும் வரை எனக்கு மூச்சே வரவில்லை.

"பொறந்துருச்சு மச்சான். பொம்பளப் புள்ள. அஞ்சு நாளாச்சு."

"ரெண்டு பேரும் நல்லா இருக்காகளா?"

"இருக்காக. புள்ளதான் பூனக்குட்டி கணக்கா இருக்கு" என்றவர், என் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

பூனைக்குட்டி என்றது மிகையில்லை. ஆஸ்பத்திரியில் துணிச் சுருளுக்குள் என் முழங்கையை விடக் குட்டையாக ஓர் உயிர் கிடந்தது. மூச்சு விடுகிறதா என்று குனிந்து பார்த்தேன். விடுகிறது என்று தெரிந்த பிறகும் மறுபடி பார்த்தேன். லேடி டாக்டர் கண்டிப்பானவர். "எடை போதாது. குளிர் பட்டால் தாங்காது. வீட்டுக்குக் கொண்டு போகும்போது சூடாக வைத்திருங்கள்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அந்தக் கடைசி வார்த்தை என் மண்டையில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது.

வேலுச்சாமியின் அம்மா செல்லத்தாயி அத்தைக்கு டாக்டர் சொல்லி எதுவும் தெரிய வேண்டியதில்லை. தங்கையின் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, தலையைச் சுற்றித் துணி கட்டிவிட்டிருந்தார்.

"பச்ச ஒடம்புக்காரிக்கு காத்துதான் தம்பி எமன். உள்ள பூந்துச்சுன்னா சன்னி கண்டுரும். போன ரெண்டு தடவையும் கட்ட வண்டில கூட்டிட்டுப் போனோம். இந்தத் தடவ ஒரு பொட்டுக் காத்து படவிட மாட்டேன்" என்றார். அத்தைக்கும் என்னைப் போலவே பயம். அவர் பயத்தில் அதட்டுவார், நான் பயத்தில் தொணதொணப்பேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

அவர்கள் ஊர் எரியோட்டுக்குப் பக்கம். பஸ்ஸில் போகலாம் என்றால் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, படுதாதான், அதுவும் கிழிந்தது. கார்தான் வேண்டும். வேலுச்சாமி தன் காட்டு ஆவாரம்பட்டையைத் திண்டுக்கல்லில் காதர் ராவுத்தரின் தோல் ஷெட்டுக்குப் போடுகிறவர். தோல் பதனிட அந்தப் பட்டைதான் வேண்டுமாம். ராவுத்தரிடம் ஒரு கார் உண்டு என்று மறுநாள் காலை என்னை அழைத்துப் போனார்.

ராவுத்தர் எங்களை உட்கார வைத்து முதலில் பிரியாணி வரவழைத்தார். பொடிப்பொடியான சீரகச் சம்பா அரிசி, எலும்போடு ஆட்டுக்கறி. ஈப்போவில் பிரியாணி என்ற பேரில் மஞ்சள் சோறும் கோழிக் காலும் தருவார்கள். இனிமேல் அதை எப்படித் தின்பது என்று யோசனையாகிவிட்டது. சாப்பாடு முடிந்ததும் விஷயத்தைச் சொன்னோம்.

"பச்சப்புள்ளைக்கு இல்லாத வண்டி எதுக்கு? எடுத்துக்கங்க தம்பி. நம்ம சூசை ஓட்டுவான், ரிப்பேரும் அவனே பாப்பான்" என்றார் ராவுத்தர்.

ஷெட்டில் நின்ற அந்தக் கறுப்பு வண்டியைப் பார்த்ததும் நான் துள்ளிவிட்டேன். கொடைக்கானல் மலையில் ஒரு வெள்ளைக்காரத் துரை வைத்திருந்து, சீமைக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன பழைய இங்கிலீஷ் கார். முன் சீட்டுக்கு எதிரே, கால் வைக்கும் இடத்துக்கு மேலே, ஒரு தகரப் பெட்டி இருந்தது. ஹீட்டர்! எங்கள் பக்கம் கேமரன் மலைத் துரைமார் வண்டிகளில் பார்த்திருக்கிறேன். எஞ்சினில் கொதிக்கிற தண்ணீர் அந்தப் பெட்டிக்குள் சுற்றி வரும். வெளிக்காற்று ஒரு குழாய் வழியாக வந்து, பெட்டியில் பட்டுச் சூடாகி, வண்டிக்குள் வீசும். திண்டுக்கல்லில் அதை யார் போடப் போகிறார்கள்? பல வருஷமாகத் தொடாமலே கிடந்தது.

"இது மட்டும் வேலை செஞ்சா பிள்ளைக்கு அடுப்பங்கரை மாதிரி இருக்கும்" என்றேன். சூசை தலையைச் சொறிந்தான். முப்பது வயது, அமைதியானவன், கழுத்தில் சிலுவைக் கயிறு.

அப்போது ஷெட்டில் தோல் பார்க்க வந்திருந்த இரண்டு வியாபாரிகள் தங்களுக்குள் உருதுவில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று ராவுத்தரைக் கேட்டேன். "அந்தத் துரையம்மாவுக்கு இந்த வண்டியில் ஏறினாலே தலை சுற்றுமாம், அதனால்தான் துரை இதைச் சல்லிசாகத் தள்ளிவிட்டான் என்கிறார்கள்" என்று மொழிபெயர்த்துவிட்டு, "மலைப்பாத வளைவுல யாருக்குத்தான் தல சுத்தாது?" என்று அவரும் சிரித்தார். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான் அந்த ஒன்றுக்கு மட்டும் பயப்படவில்லை.

அன்று முழுக்க வண்டியோடு போராட்டம். முதலில் காற்றாடி சுற்றவில்லை. சூசை ஒயரைச் சுரண்டிக் கட்டியதும் சுற்றியது, ஆனால் காற்று வரவில்லை. காற்று வரும் தடத்தைக் கழற்றிப் பார்த்தால் எலிக்கூடு. தோல் துண்டு, வைக்கோல், பஞ்சு எல்லாம் சேர்த்துக் குடும்பமே நடத்தியிருக்கிறது. அதை எடுத்தோம். காற்று வந்தது, ஆனால் சில்லென்று வந்தது. தண்ணீர் போகும் திருகு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அதைத் திறந்தும் பெட்டி சுடவில்லை. திண்டுக்கல் உப்புத் தண்ணீர் உள்ளே பாறையாகப் படிந்திருந்தது. சூசை புளியைக் கரைத்து ஊற்றி ஊறவைத்தான். மறுநாள் காலையில் கழுவியபோது கஞ்சி மாதிரி வெள்ளை வெள்ளையாக வந்தது. பெட்டி இப்போது தொட்டால் சுட்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

பாக்கி இருந்தது குழாய். முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றைக் கொண்டு வரும் துணிக்குழாய் இற்றுப் போயிருந்தது. அதற்கு எங்கே போவது? ராவுத்தர்தான் வழி சொன்னார். மெல்லிய ஆட்டுத்தோலை வெட்டி, ஷெட்டிலேயே தைக்கச் சொல்லி, கை நுழைகிற அளவில் ஒரு நீளக் குழாய் செய்து கொடுத்தார். சூசை அதை மாட்டினான்.

மழைக்காற்றை நேராக உறிஞ்சியதால் உள்ளே வந்தது வெறும் வெதுவெதுப்பு. டாக்டரின் வார்த்தை காதில் இரைந்துகொண்டே இருந்தது. நான் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் இரும்புக் குழல் தகதகவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"சூசை, தோல் குழாயோட வாயை முன்னாடி வைக்காம, இந்த இரும்புக்குப் பக்கத்துல திருப்பி வச்சா என்ன? காத்து இங்கயே சூடாகித்தானே உள்ளே போகும்?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "பொகை கிகை ஏறுமோ சார்?"

"புகை சைலன்சர் வழியா பின்னாலதானப்பா போகுது."

அவன் என் முகத்தைப் பார்த்தான். மலாயா சட்டை, மலாயா கைக்கடிகாரம். "நீங்க பாக்காத வண்டியா சார்" என்று சொல்லிவிட்டு வாயைத் திருப்பிக் கட்டினான். நான் வாழ்நாளில் ஒரு சைக்கிள் செயினைக்கூட மாட்டியதில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

உள்ளே அனல் வந்தது. சேர்ந்து ஒரு வாடையும் வந்தது. "புதுத் தோலு, சூடுபட்டா அப்படித்தான் நாறும். ரெண்டு நாளாகும்" என்றார் ராவுத்தர், தோலைப் பற்றி அவரை விட யாருக்குத் தெரியும்? அத்தரில் நனைத்த பஞ்சு ஒன்றையும் பெட்டிக்கு மேல் செருகினார். செம்பட்டி ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தோம். இறங்கும்போது எனக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது, குமட்டியது. பிரியாணி அன்று மதியமும் ஒரு கை கூடுதலாகப் போயிருந்தது. பழியை அதன் மேல் போட்டு, இஞ்சிச் சாறு குடித்துவிட்டுப் படுத்தேன், கொஞ்ச நேரத்தில் தெளிந்தது.

அடுத்த நாள் காலை, ராகுகாலம் கழிந்ததும் புறப்பட்டோம். வீட்டைத் தயார் செய்ய வேலுச்சாமி முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார். சூசை ஓட்ட, நான் அவன் பக்கத்தில். பின்னால் தங்கை, அவள் மடியில் பிள்ளை, பக்கத்தில் அத்தை. அத்தை ஏறியவுடன் செய்த முதல் காரியம், நான்கு கண்ணாடிகளையும் ஏற்றச் சொன்னது. இரண்டாவது காரியம், கொண்டு வந்திருந்த பழைய சேலைக் கிழிசலைத் திரித்துக் கண்ணாடி இடுக்குகளில் செருகியது.

"என்னப்பூ, அந்தச் சூட்டப் போடு" என்றார் சூசையிடம். அனல் வீசியது. அத்தையின் முகம் மலர்ந்தது. "ஆத்தாடி! அடுப்பு முன்னால குந்துன மாதிரில்ல இருக்கு! தம்பி, நீ நல்லாருப்ப."

தங்கை சிரித்தாள். பிள்ளை முதலில் சிணுங்கிக்கொண்டே வந்தது. ஊரைத் தாண்டிச் சோளக் காடுகளுக்கு நடுவே போகும்போது சிணுங்கலும் நின்றது. "தூங்கிருச்சு. பொறந்ததுலருந்து இப்படித் தூங்குனதில்ல" என்றார் அத்தை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. தலை மறுபடி பாரமாக இருந்தது. ராத்திரி சரியாகத் தூங்காததுதான் காரணம் என்று எண்ணிக்கொண்டேன்.

பாதி வழியில் ரோட்டின் குறுக்கே ஓடை. செம்மண் தண்ணீர் தரைப்பாலத்துக்கு மேல் முழங்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாட்டு வண்டிகள் நின்றன. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தண்ணீரைப் பார்த்துத்தான்.

"எறங்கி ஆழம் பாத்துட்டு வரலாம் சார். எஞ்சின நிப்பாட்ட வேணாம். இந்த ஈரத்துல நின்னா மறுபடி கெளம்பாது. சூடும் போயிரும்" என்றான் சூசை. சரி என்றேன். பின்னால் திரும்பிப் பார்த்தேன். மூன்று பேரும் கண்ணை மூடியிருந்தார்கள். எழுப்ப மனமில்லாமல் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு இறங்கினேன்.

வெளிக்காற்று முகத்தில் அடித்ததும் கால் தள்ளாடியது. சூசையும் ஒரு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எனக்கு என்னமோ கிறுகிறுங்குது சார்" என்றான். இரண்டு பேருக்கும் காலைச் சாப்பாடு சரியில்லை என்று பேசிக்கொண்டோம். ஒரு கிழவர் கோலை விட்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார். செத்த நேரத்தில் வடியும் என்றார். நாங்கள் நின்றோம். கால் மணி நேரம் இருக்கும். நனைய நனைய என் தலை தெளிந்துகொண்டே வந்தது. தெளியத் தெளியத்தான் உறைத்தது: செம்பட்டி ரோட்டிலும் இதே தலைவலி, இதே குமட்டல். அங்கேயும் வண்டியை விட்டு இறங்கிய பிறகுதான் தெளிந்தது. துரையம்மாவுக்கும் இந்த வண்டியில் ஏறினால்தான் தலை சுற்றும்.

ஓடினேன். செருப்பு சேற்றில் கழன்றதுகூடத் தெரியவில்லை. பின்கதவைத் திறந்ததும், அத்தரும் தோலும் புகையும் கலந்த ஓர் அனல் முகத்தில் அறைந்தது. "பொன்னு!" என்று கத்தினேன். அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தோளை உலுக்கினேன், துணி பொம்மை மாதிரி ஆடினாள். அத்தை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார். பிள்ளையைத் தூக்கினேன். அதன் கழுத்து நிற்கவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் நான் பட்ட பயத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை. நான் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

எதிர்ப்பக்கத்து வண்டிகளில் ஒன்று செவ்வந்திப் பூக்கூடைகளோடு திண்டுக்கல் சந்தைக்குப் போவது. அதிலிருந்த நடுத்தர வயதுப் பெண் தண்ணீரில் இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தே வந்துவிட்டாள். என் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கினாள்.

"ஏய்யா, இம்புட்டுத் துணியச் சுத்தி வச்சா அது எப்படி மூச்சு விடும்? தாய வெளிய தூக்குங்க! வாய்ப் பாத்துக்கிட்டு நிக்கிறாக பாரு!"

சூசையும் வண்டிக்காரர்களும் தங்கையையும் அத்தையையும் தூக்கிப் புளியமரத்தடியில் சாய்த்தார்கள். அந்தப் பெண் பிள்ளையின் துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்து எறிந்தாள். உள்ளங்காலைச் சுண்டினாள். காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பி, தன் வாயால் அதன் வாயில் மெல்ல ஊதினாள். மழைத்தூறல் அந்தச் சின்ன நெஞ்சில் விழுந்துகொண்டிருந்தது. குளிர் பட்டால் தாங்காது என்ற டாக்டரின் குரலும் எனக்குள் கேட்டது. எதற்குப் பயப்படுவது என்றே தெரியாமல் நின்றேன்.

முதலில் கண்ணைத் திறந்தது அத்தைதான். திறந்ததும் பிள்ளையைப் பார்த்தார். "அடப் பாவிகளா, காத்துல போட்டீகளே!" என்று எழ முயன்று, முடியாமல் வாந்தி எடுத்தார். பிறகு தங்கை முனகினாள். பிள்ளை மட்டும் அசையவில்லை. அந்தப் பெண் விடவில்லை. ஊதினாள், முதுகைத் தேய்த்தாள், மறுபடி ஊதினாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் ஒரு சின்ன விக்கல், அப்புறம் பூனை கத்துவது மாதிரி ஓர் அழுகை. நான் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். போன உயிர் எனக்குத்தான் திரும்பி வந்தது.

அதற்குள் சூசை பானெட்டைத் திறந்திருந்தான். "சார், இங்க வந்து பாருங்க" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். புகைக்குழல் எஞ்சினோடு சேரும் மூட்டில் விரல் நுனி அளவு இடைவெளி. அதைச் சுற்றிக் கன்னங்கரேலென்று கரி. அதற்கு நேர் எதிரே, ஒரு சாண் தூரத்தில், நான் திருப்பி வைக்கச் சொன்ன தோல் குழாயின் வாய். அதன் உள்பக்கமும் கறுத்திருந்தது. வெளியேற வேண்டிய புகையை உறிஞ்சி, காற்றாடி வைத்து, ஜன்னல் அடைத்த வண்டிக்குள் ஊதிக்கொண்டிருந்திருக்கிறோம். சூசை குழாயை அறுத்து எடுத்து, உள்ளே வரும் வழியைக் கோணி வைத்து அடைத்தான். "நான் அன்னைக்கே இன்னொரு தரம் சொல்லியிருக்கணும் சார்" என்றான். அவன் அழுததைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கே திரும்பினோம். நான்கு கண்ணாடியும் இறக்கியிருந்தன. சேலைக் கிழிசல்களை அத்தையே உருவி வெளியே எறிந்தார். வழி நெடுக பிள்ளையைத் தன் நெஞ்சோடு அணைத்து, முகத்தை மட்டும் ஜன்னல் காற்றுக்குக் காட்டிக்கொண்டே வந்தார். பிள்ளை அழுகையை நிறுத்தினால் உடனே கிள்ளி அழ வைத்தார். பூக்காரப் பெண்ணின் பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

லேடி டாக்டர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத மாட்டேன், ஒன்றும் மிகையில்லை. இரண்டு நாள் கழித்துத்தான், பயமில்லை, பிள்ளை பால் குடிக்கிறது என்றார். அதற்குள் அத்தை வார்டு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்: எல்லாம் கண்ணேறு, பிள்ளையைப் பார்த்து யாரோ பொருமியிருக்கிறார்கள் என்று. நான் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கலாம். முடியவில்லை. அன்று மாலை தங்கையின் கட்டில் ஓரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். குழாயைத் திருப்பச் சொன்னது நான், சூசை கேட்ட கேள்வியை அடக்கியது நான், முதல் நாளே தலைவலி வந்தும் பிரியாணி மேல் பழி போட்டது நான்.

அவள் அதிர்ச்சி அடையவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எனக்கு வண்டி கெளம்புன செத்த நேரத்துலயே நெஞ்ச அடைச்சுச்சுண்ணே. கண்ணாடிய எறக்கச் சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அத்தை அம்புட்டுப் பாடுபட்டு அடைச்சு வச்சிருக்காக. நீ கடல் தாண்டி வந்து, ரெண்டு நாளா கரியப் பூசிக்கிட்டுச் செஞ்சது. எப்படிச் சொல்றது? பல்லக் கடிச்சுக்கிட்டு கண்ண மூடிட்டேன்."

ஓடைக்கரையில் பட்ட பயம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நான் கப்பல் ஏறிப் போய்விடுவேன். இவள் இப்படியே, யார் மனமும் நோகக் கூடாது என்று மூச்சை அடக்கிக்கொண்டு, அந்தப் பூனைக்குட்டியை வைத்துக்கொண்டு இருப்பாள். இனிமேல் வாயைத் திறந்து சொல், யாராயிருந்தாலும் சொல் என்று கெஞ்சினேன். அவள் தலையை ஆட்டினாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மழை வலுத்தது. நர்ஸ் ஒருத்தி வரிசையாக ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே வந்து, எங்கள் பக்கத்து ஜன்னலில் கை வைத்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன், பிறகு மூடிக்கொண்டேன். அத்தை நர்ஸையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். பொன்னுத்தாய் பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நர்ஸைப் பார்த்தாள்.

"அது தொறந்தே கெடக்கட்டும் சிஸ்டர்."

"மழ அடிக்குதும்மா, கட்டில் நனையும்."

"அடிக்கட்டும்" என்றாள் என் தங்கை. அவள் ஒருவரை மறுத்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.